காம்பை விட்ட மணிகள்

ஔலு நகரம். ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
வளைகுடா உறைந்து அதன்மேல் லாரி போகிறது.
ஊரில் இன்னும் உறையாமல் ஓடுவது
நாங்கள் குளித்து, கழுவி, மறந்த தண்ணீர்தான்.
அது கடைசியில் என்னிடம் வருகிறது.

மேஜைமேல் ஒரு சொட்டு.
கண்ணாடிச் சில்லால் மூடி, விளக்கைத் தணித்து,
குமிழைத் திருகுகிறேன்.
முதலில் மங்கல். பிறகு சேறு.
பிறகு சேற்றுக்குள் நடமாட்டம்.

அமீபாவுக்கு அவசரமில்லை.
கால் என்று தனியாக ஒன்று கிடையாது;
போக நினைத்த பக்கம் உடம்பு கொஞ்சம் வழிகிறது,
மிச்ச உடம்பு பின்னாலேயே வந்து சேர்கிறது.
வாயும் கிடையாது.
ஒரு பாக்டீரியாவின் இருபுறமும் வழிந்து,
மேலும் வழிந்து,
தழுவுவதுபோல் சூழ்ந்து...
அவ்வளவுதான். வெளியே இருந்தது உள்ளே இருக்கிறது.
இடையில் எந்தக் கதவும் திறக்கவில்லை.

செருப்பு வடிவில் பரமீசியம் ஒன்று விரைகிறது.
உடம்பெல்லாம் ரோமம், ரோமமெல்லாம் துடுப்பு.
நேராகப் போவதாக அதற்கு நினைப்பு,
போவதோ திருகாணிபோல் சுழன்று.
சேற்றுக்கட்டியில் முட்டும்.
ஒரு கணம் பின்வாங்கி, கோணத்தைச் சற்றே மாற்றி
மறுபடி முட்டும். மறுபடி.
எங்கள் மேலாளர் அர்வோவைக் கூட்டங்களில் பார்த்தவர்கள்
இங்கே சிரித்துவிடுவார்கள்.

அது போகும் வழியில்
குழல்களை நீட்டியபடி ஒரு முள்ளுருண்டை.
துரத்தாது. நகரக்கூட நகராது.
செருப்பு வந்து உரசும்,
அத்தனை துடுப்பும் நின்றுபோகும்.
ஓர் உடம்பு குழல்வழியே இன்னோர் உடம்பாக மாறுவதை
காபி ஆறிப்போகும்வரை பார்த்திருக்கிறேன்.

ஆனால் எனக்குச் சம்பளம் மணிகளை எண்ணுவதற்கு.
காம்பின் நுனியில் கவிழாத மணி,
விளிம்பில் ரோம வளையம்.
அது சுழல, தண்ணீரில் சிறு சுழி;
தூரத்துப் பாக்டீரியாக்கள் தாமாகவே வந்து
வாய்க்குள் விழும்.
இரை தேடி அலையாமல்
ஆற்றையே தன்னிடம் வரவழைக்கும் சோம்பேறி.
மணிகள் நிறைய இருந்தால்
பதிவேட்டில் 'நலம்' என்று எழுதி வீட்டுக்குப் போவேன்.

இன்று அதிகாலை மூன்று பத்துக்கு
காம்புகள் அறுபத்தொன்று.
மணிகள் ஒன்பது.
மற்றவை இடுப்பில் புதிதாய் ஒரு ரோமப் பாவாடை கட்டி,
காம்பை அப்படியே விட்டுவிட்டு
நீந்திப் போய்க்கொண்டிருந்தன.
வாடகை வீட்டைக் காலி செய்வதுபோல் இல்லை.
தீப்பிடித்த வீட்டிலிருந்து ஓடுவதுபோல்.

அர்வோவை எழுப்பினேன்.
"மீட்டர்கள் என்ன சொல்கின்றன, இர்மெலி?"
எல்லாம் பச்சை.
"பிறகென்ன, தூங்கவிடு."

நீரேற்று நிலையத்தில் சானெல்மாவை அழைத்தேன்.
வடக்குக் குழாயை அடைத்துத் தேக்குத் தொட்டிக்குத் திருப்பச் சொன்னேன்.
"எதற்கு?"
மணிகள் ஓடுகின்றன, என்றேன்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
போனுக்குள் பம்பு ஒன்று மூச்சு வாங்கி
அடங்குவது கேட்டது.

நான்கரைக்கு மீட்டர்கள் சிவந்தன.
ஏதோ ஒரு பால் பண்ணை,
தொட்டி கழுவும் மருந்து, திறந்து மறந்த வால்வு.
அறிக்கையில் மீட்டரின் பெயர் இருக்கிறது,
தயாரித்த நிறுவனத்தின் பெயரும்.

ஐந்தாம் நாள், சேற்றுத் துணுக்கு ஒன்றின் ஓரத்தில்
பாவாடையைக் களைந்துவிட்டு ஒரு மணி
குட்டையான காம்பு விட்டுக்கொண்டிருந்தது.
என் முழங்கை மேஜையில் இடித்தது;
சட்டென்று சுருள்வில்லாகச் சுருங்கியது.
காத்திருந்தேன்.
மெல்ல நீண்டது. வாயைத் திறந்தது.
சுழி தொடங்கியது.

காபிக் கோப்பையை
ஓசைப்படாமல் கீழே வைத்தேன்.